உஷ்ணநிலையின் பிரமாணம்: சென்னை வானாய்வகம் முதல் கும்மிடிப்பூண்டி உலைக்களம் வரை

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளில், பழைய இரும்பை இன்டக்‌ஷன் உலையிலிட்டு உருக்கிப் பில்லெட்டாக வார்ப்பவர்கள், ஒவ்வொரு ஹீட்டையும், அதாவது ஒருமுறை உருக்கிய தொகுதியையும், லேடில் என்னும் வார்ப்புக் கலத்தில் இறக்குவதற்கு முன் அதன் உஷ்ணநிலை ஏறத்தாழ 1600 பாகை செல்சியஸை எட்டிவிட்டதா என்று அளந்தறிகின்றனர். அதே மாவட்டத்துக் கடற்கரையில், எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்தில் 2019இல் தொடங்கப்பட்ட முனையமோ, திரவமாக்கிய இயற்கை வாயுவைப் பூஜ்யத்துக்குக் கீழே 162 பாகை அளவில் சேமித்து வைக்கிறது. இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இரு நிலைகளையும் ஒரே அளவையின் இரு எண்களாகக் கூறும் உரிமை பௌதிக சாஸ்திரத்துக்கு எவ்வாறு கிட்டியது என்பதே இக்கட்டுரையின் விசாரணை. உஷ்ணநிலையின் வரையறை படிப்படியாகக் குறிப்பிட்ட பொருள்களின் பிடியிலிருந்து விடுபட்டது. அளவீடோ இன்றளவும் பொருள்களின் துணையாலேயே நடைபெறுகிறது. இவ்விரண்டும் பிரிந்த வரலாற்றைச் சென்னையை விட்டு அதிகம் விலகாமலே காணலாம்.

1. பாதரசமும் நீரும்

1714இல் பாதரச உஷ்ணமானியைச் செய்த பாரன்ஹீட் 1724இல் தம் அளவையை வெளியிட்டார். 1742இல் செல்சியஸ், நீர் கொதிக்கும் நிலைக்குப் பூஜ்யமும் பனிக்கட்டி உருகும் நிலைக்கு நூறும் இட்டு வகுத்த அளவை, பின்னர்த் தலைகீழாக மாற்றப்பட்டு இன்றைய வடிவத்தைப் பெற்றது. உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டி உஷ்ணத்தை இடைவிடாது ஏற்றும் உஷ்ணமானி அசையாதிருப்பதைக் கண்ட ஜோசப் பிளாக், உஷ்ணத்தின் அளவு வேறு, உஷ்ணநிலை வேறு என்று அந்நூற்றாண்டிலேயே தெளிவுபடுத்தினார். ஆயினும் அடிப்படைச் சிக்கல் ஒன்று எஞ்சியிருந்தது. பாதரசமும் சாராயமும் ஒரே விகிதத்தில் விரிவதில்லையாதலால், பூஜ்யத்திலும் நூறிலும் ஒத்துக்காட்டும் இரு மானிகள் இடையிலே முரண்படும். அவற்றுள் எது மெய் சொல்லுகிறது என்று தீர்க்க, எப்பொருளையும் சாராத மூன்றாவதொரு பிரமாணம் அக்காலத்தில் இல்லை.

2. சென்னையில் உஷ்ணமானி

1792இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பட்ட சென்னை வானாய்வகம் 1796 முதல் வானிலைக் குறிப்புகளைப் பதிவு செய்து வந்தது. உஷ்ணமானி வெறும் வானிலைக் கருவியாக நில்லாமல் ஏனைய அளவுகளைத் திருத்தும் கருவியாக உயர்ந்ததற்குப் பரங்கிமலையடியில் நடந்த ஒரு காரியம் சான்று. 1802இல் லாம்ப்டன், இந்திய நில அளவையின் ஆதாரக்கோட்டை ஏழரை மைல் நீளத்துக்கு நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தபோது, சங்கிலியை வெயில் நேரே தாக்காதவாறு பெட்டிகளில் கிடத்தி, அவற்றுள் உஷ்ணமானிகளையும் வைத்தார். பத்துப் பாகை செல்சியஸ் ஏற்றத்துக்கு நூறடி எஃகு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அங்குலமே நீளும். ஏழரை மைலுக்கு அதைக் கூட்டிப் பார்த்தால் நாலேமுக்கால் அடி வந்துவிடும். ஆகவே உஷ்ணநிலை அறியாத நீளம் நீளமே ஆகாது என்பது அங்கே கணக்காகவே வெளிப்பட்டது.

1820, 1821 ஆம் ஆண்டுகளில் வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்ஹாம், செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் வானாய்வகத்திலிருந்து ஐந்து மைலுக்கு மேல் தொலைவிலுள்ள பரங்கிமலையிலும் சுடப்படும் பீரங்கிகளின் ஒளி தெரிவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து, அவ்வப்போதைய உஷ்ணநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றையும் குறித்து, அம்முடிவுகளை 1823இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்டார். காற்றின் உஷ்ணநிலை ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் இரண்டடி கூடும். உஷ்ணநிலையைக் கொண்டு ஒலியின் வேகத்தை விளக்க முயன்ற இம்முறையைத் திருப்பி, ஒலியின் வேகத்தைக் கொண்டே உஷ்ணநிலையை அறியலாகும் என்ற உண்மை பிற்கால வரலாற்றில் பெரும்பயன் விளைத்தது.

3. பொருளைத் துறந்த வரையறை

1824இல் கார்னோ, இலட்சிய உஷ்ண இயந்திரத்தின் திறன் அதனுள் இயங்கும் பொருளைச் சார்ந்ததன்று, இரு உஷ்ணநிலைகளை மட்டுமே சார்ந்தது என்று நிறுவினார். இதனையே அடித்தளமாகக் கொண்டு வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்டவர், 1848இல் ஒரு தனி அளவையை முன்மொழிந்து, 1854இல் அதனைச் செம்மைப்படுத்தினார். தனிப்பூஜ்யத்தோடு ஒரே ஒரு நிலைப்புள்ளி போதும் என்ற கருத்தையும் வெளியிட்டார். சரியாக நூறாண்டுகள் கழித்து, 1954இல், எடைகள் அளவைகள் பற்றிய பொது மாநாடு நீர், பனிக்கட்டி, நீராவி ஆகிய மூன்றும் ஒருங்கே நிலைபெறும் மும்மைப்புள்ளியை 273.16 கெல்வின் என்று நிர்ணயித்தது. ஆயின் பொருளைத் துறந்ததாகக் கருதப்பட்ட வரையறைக்குள் நீர் என்னும் பொருள் திரும்பவும் நுழைந்துவிட்டது. எந்த நீர் என்ற கேள்வி எழுந்து, அதன் ஐசோடோப்புச் சேர்க்கையையும் 2005இல் வரையறுக்க நேர்ந்தது.

2019 மே 20 முதல் இந்நிலையும் மாறியது. உஷ்ணநிலையைச் சக்தியோடு இணைக்கும் போல்ட்ஸ்மன் மாறிலியின் மதிப்பு கெல்வினுக்கு 1.380649×10⁻²³ ஜூல் என்று நிலையாக விதிக்கப்பட்டமையால், அணுக்களின் இயக்கத்துக்குரிய சக்தியே உஷ்ணநிலைக்குப் பிரமாணமாயிற்று. அந்த எண்ணை இறுதி செய்வதற்கு முதன்மையாக உதவிய சோதனைகளில், செம்பினாலான கோளத்துள் ஆர்கான் வாயுவை நிரப்பி, அதனுள் ஒலியின் வேகம் மிக நுட்பமாக அளக்கப்பட்டது. நுங்கம்பாக்கத்தில் பீரங்கியைக் கொண்டு தேடப்பட்ட தொடர்பே இங்கு மூடிய கோளத்துக்குள் அமைந்தது.

4. உலைக்களத்தின் அளவை

ஆனால் உருகிய உருக்கின் அருகே ஆர்கான் கோளத்தைக் கொண்டு செல்லவியலாது. கோல்டிங்ஹாம் சோதனை நடத்திய 1821இலேயே சீபெக், இருவேறு உலோகங்களின் இணைப்புகள் வெவ்வேறு உஷ்ணநிலைகளில் இருக்குமாயின் மின்விளைவு தோன்றுவதைக் கண்டார். 1886இல் லெ ஷாட்லியே பிளாட்டினமும் பிளாட்டினம்-ரோடியமும் கொண்ட இணையை உலைகளுக்கேற்ற கருவியாக்கினார். லான்ஸ் எனும் நீண்ட கோலின் நுனியில் செருகி உருக்கில் அமிழ்த்தும் இத்தகைய இணையான தெர்மோகபுள், சில வினாடிகளில் எண்ணைத் தந்துவிட்டுத் தான் எரிந்துபோகும். அது மெய்யளவினும் குறைத்துக் காட்டினால் உருக்கு தேவைக்கு மேல் சூடேறி மின்சாரமும் உலையின் உட்பூச்சும் வீணாகும். மிகைத்துக் காட்டினாலோ, மென்னுருக்கு 1500 பாகைக்குச் சற்று மேலேயே உறையத் தொடங்குமாதலால், உருக்கு லேடிலிலேயே இறுகும். ரோலிங் மில்லிலோ, செந்தணலாய் ஓடும் பில்லெட்டின் ஒளியிலிருந்து பைரோமீட்டர் உஷ்ணநிலையைக் கணிக்கிறது. அதற்கு ஆதாரமான பிளாங்கின் 1900ஆம் ஆண்டு விதியை, ஒளித்துகள்களை எண்ணும் புதியதொரு முறையால் 1924இல் நிறுவியவர் டாக்காவிலிருந்த சத்தியேந்திர நாத் போஸ்.

இக்கருவிகளெல்லாம் ஒத்துப் பேசுவதற்கென 1927இல் முதல் சர்வதேச அளவை வகுக்கப்பட்டது. இன்று நடைமுறையிலிருப்பது 1990ஆம் ஆண்டின் அளவை. வெள்ளி உறையும் 961.78 பாகை வரை நிலைப்புள்ளிகளுக்கிடையே பிளாட்டினத்தின் மின்தடை வழிகாட்டுகிறது. அதற்குமேல் வெள்ளி, தங்கம், செம்பு இவற்றுள் ஒன்றின் உறைநிலை ஒளியோடு ஒப்பிட்டுப் பிளாங்கின் விதிப்படி கணிக்கப்படுகிறது. இவ்வளவையை இந்தியாவில் பேணுவது 1950இல் திறக்கப்பட்ட புதுதில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடம். அங்கிருந்து அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்தக் கூடங்கள் வழியாக அது ஆலையை வந்தடைகிறது. பிளாட்டினம் இணைகளின் சாதாரணத் தரத்துக்கு 0.25 சதவீதப் பிழை அனுமதிக்கப்படுவதால், 1600 பாகையில் இருபுறமும் நான்கு பாகை ஐயம் எஞ்சும்.

முடிவுரை

2019 மே 20க்கு முந்திய நாளும் பிந்திய நாளும் கும்மிடிப்பூண்டியின் தெர்மோகபுள் ஒரே எண்ணையே காட்டியிருக்கும். புதிய வரையறை பழைய எண்களோடு இசையுமாறே இயற்றப்பட்டது. மாறியது வேறு. முன்னர்ப் பூஜ்யத்தை ஒட்டிய ஒரு நீர்ப்புள்ளியிலிருந்து விகிதம் விகிதமாக ஏறியே உலையின் உஷ்ணநிலையை அடைய வேண்டியிருந்தது. இப்போது போல்ட்ஸ்மன் மாறிலிக்கு 1600 பாகையும் −162 பாகையும் சமதூரமே. ஒளியின் வீச்சை நேராக அளந்து உயர் உஷ்ணநிலைகளை நிர்ணயிக்கும் வழியும் முறைப்படி ஏற்கப்பட்டுவிட்டது. அவ்வழி ஆலைவரை வந்து சேரும் காலம் வரையில், அங்குள்ள நான்கு பாகை ஐயத்தைக் குறைக்கவல்லது வரையறையின் நுட்பமன்று. தெர்மோகபுளின் தரமும், பில்லெட்டின் மேலே படியும் செதிலை அறிந்து பைரோமீட்டரைத் திருத்துகிற தொழிலாளியின் கவனமும், காலந்தவறாத அளவுத்திருத்தமுமே ஆகும்.