பூவார்ப் பொழிமுகமும் பழைய கால்வாயும்

நெய்யாற்றின்கரை வட்டத்தின் எல்லைச் சிற்றூர்களுள் ஒன்றாகிய செங்கலிலிருந்து தென்மேற்கே கடலை நோக்கிச் சென்றால் பூவாரை அடையலாம். அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு ஈண்டுதான் கடலோடு கலக்கின்றது. ஆற்றுக்கும் அலைகடலுக்கும் இடையே கிடக்கும் மணல்திட்டு மழைவெள்ளத்தில் உடைந்து, கோடையில் மீண்டும் அடைபடும். படகேறிச் சென்றடையும் அத்தீவனைய நிலத்தில், தென்னை நிழலில் ஓய்வுகொள்ள இன்று பல நாட்டினரும் வருகின்றனர்.

முன்னாளில் இந்நீர் உழைப்பின் வழியாகக் கருதப்பட்டது. 1860-இல் திருவிதாங்கூர் அரசு பூவாரிலிருந்து கன்னியாகுமரியை நோக்கிக் கால்வாய் வெட்டத் தொடங்கிற்று. அனந்தபத்மநாபர், விக்டோரியா மகாராணி, மன்னர் மார்த்தாண்ட வர்மா ஆகிய மூவர் பெயராலும் அஃது அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் எனப்பட்டது. சரக்கு வள்ளங்கள் கடற்சீற்றத்திற்கு அஞ்சாமல் உள்நீர் வழியே செல்லல் வேண்டும் என்பதே நோக்கம். எனினும் கால்வாய் குமரியை எட்டவேயில்லை.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி எல்லைக்கோடு அதன் குறுக்கே விழுந்தது. விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. செங்கலை உள்ளிட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கால்வாயின் பெரும்பகுதி இன்று தூர்ந்து கிடக்கின்றது.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் குடும்பத்தினர் பூவாரில் படகேறுங்கால், இரு கரை மக்களையும் இணைக்க வெட்டிய இவ்வழியைப் பிள்ளைகளுக்குக் காட்டுதல் வேண்டும். நாம் சொல்லாது விட்டால், அக்கால்வாய் நினைவிலும் தூர்ந்துபோகும்.