முந்தித் தாக்குதல்: பாஞ்சாலங்குறிச்சியும் ரோம எல்லையும்

பகைவன் தாக்கப்போகிறான் என்று கருதி, அவன் கை ஓங்குமுன் தாக்குவதையே போர்க்கலையில் ‘முந்தித் தாக்குதல்’ என்கின்றனர். பழந்தமிழர் வெட்சி சூடி ஆநிரை கவர்ந்து போரைத் தொடங்கியதும் முதலடிதான். ஆனால் அச்சத்தை அதற்குக் காரணம் காட்டவில்லை. இன்றோ, தான் விரும்பிய போருக்கெல்லாம் இச்சொல்லையே ஒருவர் போர்வையாக்கலாம்.

நம் புதியம்புத்தூரை அடுத்த பாஞ்சாலங்குறிச்சியில் 1799-இல் நடந்ததை நாம் அறிவோம். சரணடையக் கோரும் தூதராக மேஜர் பானர்மேன் அனுப்பிய இராமலிங்க முதலியார், கோட்டையின் இரகசியங்களையும் அறிந்து சென்றார். அவ்வுளவைக் கொண்டே தாக்குதல் வகுக்கப்பட்டது. தூதையே வேவாக்கியதை நாம் வீரமென்று எண்ணவில்லை. செப்டம்பர் 5-இல் தொடுத்த முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்.

நமது மார்க்கம் இதில் மிகக் கண்டிப்பானது. உடன்படிக்கை செய்த கூட்டத்தார் மோசடி செய்வர் என அஞ்சினால்கூட, அவ்வுடன்படிக்கை முறிந்ததை முதலில் வெளிப்படையாக அறிவித்துவிட வேண்டும் என்கிறது அல்அன்ஃபால் அத்தியாயத்தின் 58-ஆம் வசனம். இதன் நடைமுறையை முஆவியா (ரலி) வரலாற்றில் காண்கிறோம். ரோமருடன் செய்த உடன்படிக்கையின் தவணை முடிந்த கணமே தாக்குவதற்காக, தவணைக்குள்ளேயே அவர் படையை எல்லை நோக்கி நகர்த்தினார். கணக்குப்படி அதில் மீறலில்லை. ஆயினும் அம்ர் இப்னு அபஸா (ரலி) விரைந்து வந்து, வாக்குறுதியைக் காக்குமாறும் துரோகம் கூடாதென்றும் உரத்துக் கூறினார். தாம் செவியுற்ற நபிமொழியையும் எடுத்துரைத்தார். முஆவியா (ரலி) படையுடன் திரும்பிவிட்டார்.