கிடங்குச் சாவி யாரிடம்?

திண்டுக்கல்லில் பூட்டு வாங்குகிறவர்கள், "மாத்துச் சாவி வேற யார்கிட்டயும் இல்லையே?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். இணையக் கிடங்குகளில் நிரல்களைப் போட்டு வைக்கும் நமக்கு அந்தக் கேள்வி தோன்றவே நாளாயிற்று.

2014 டிசம்பரில் உறைத்தது. தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவால் 32 இணைய முகவரிகள் முடக்கப்பட்டன. ஐஎஸ் பிரச்சாரம் பரவுகிறது என்றார்கள். பட்டியலில் விமியோ, இன்டர்நெட் ஆர்கைவ் ஆகியவற்றோடு கிட்ஹப்பும் இருந்தது. ஓப்பன்-தமிழ் போன்ற தமிழ்க் கணிமைத் திட்டங்கள் வளர்ந்த இடம் அது. சில நாட்களில் தடை விலகத் தொடங்கியது என்பது வேறு விஷயம்.

'நம்மகிட்டதான் பிரதி இருக்கே' என்று அப்போது பலர் தேற்றிக்கொண்டார்கள். பாதி உண்மை. கிட் முறையில் நிரலும் அதன் மாற்ற வரலாறும் அவரவர் கணினியிலேயே இருக்கும். ஆனால் பிழை அறிக்கைகள், 'இந்த உயிர்மெய் ஏன் உடைஞ்சு தெரியுது' என்பது போன்ற விவாதங்கள் எல்லாம் கிடங்குக்காரரின் தரவுத்தளத்தில்தான். என்னைக் கேட்டால் ஒரு திட்டத்தின் மூளையே அதுதான்.

அடுத்த ஆண்டு இன்னும் மோசம். கூகுள் கோடு மூடப்போவதாக அறிவித்தது. சோர்ஸ்ஃபோர்ஜ், ஜிம்ப் மென்பொருளின் விண்டோஸ் நிறுவியில் விளம்பரச் சரக்கைச் சேர்த்து மாட்டிக்கொண்டது.

க்னூ திட்டத்தார் வகுத்த அளவுகோல்களை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். தனியுரிம ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் தளம் இயங்குமா? எந்த நாட்டவரையும் ஒதுக்காமல் சேவை தருமா? டோர் வழியாக வருபவரை உள்ளே விடுமா? கேள்விகள் இப்படிப் போகும். 2016 ஏப்ரலில் வெளியான மதிப்பீட்டில் க்னூவின் சொந்தக் கிடங்கான சவானா ஏ வாங்கியது, கிட்லேப் சி, கிட்ஹப், சோர்ஸ்ஃபோர்ஜ் இரண்டும் எஃப். தன் பிள்ளைக்குத் தானே முதல் மார்க் போட்ட மாதிரி இருக்கிறது, சரிதான். ஆனால் கேள்விகள் வீணில்லை. 2019 ஜூலையில் அமெரிக்கத் தடைச் சட்டத்தைக் காட்டி ஈரான், சிரியா, கிரிமியா பயனர்களின் கணக்குகளை கிட்ஹப் முடக்கியது. நாட்டவரை ஒதுக்காதே என்ற விதி காகிதத்தில் ஏறி அதற்குள் மூன்றாண்டு ஆகியிருந்தது.

நம் அரசு வெளியிலிருந்து பூட்டினால் ஏ வாங்கிய கிடங்கும் திறக்காதுதான். அந்த அளவுகோல் கிடங்குக்காரரை மட்டுமே விசாரிக்கிறது. அதையும்கூட எத்தனை பேர் பார்க்கிறார்கள்? பக்கத்துக் கேரளத்தின் ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு சவானாவில் இருந்தது. பிறகு கிட்லேபுக்குக் குடிபோனது. தமிழ்த் திட்டங்களில் பெரும்பாலானவை இன்னும் கிட்ஹப்பில்தான்.