நூற்பட்டியலும் நூலகரின் தயக்கமும்



பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சிறிய நூலகத்திலே பட்டியல் அட்டை எழுதுகின்ற வேலை எனக்கு இருந்தது. ஒரு நாள் மாணவர் ஒருவர் வந்து, "மகாகவியின் கவிதைகள் வேண்டும்" என்று கேட்டார். நான் யோசியாமல் பாரதியாரின் அட்டைகள் இருந்த லாச்சியைக் காட்டிவிட்டேன். அவர் தேடி வந்ததோ அளவெட்டியிலே பிறந்த நமது மஹாகவியை, அதாவது து. உருத்திரமூர்த்தியை. அவருடைய நூலுக்கு உருத்திரமூர்த்தி என்ற இயற்பெயரில் அட்டை இருந்தது. 'மஹாகவி' என்ற இடத்தில் 'உருத்திரமூர்த்தி காண்க' என்று ஓர் அட்டை வைத்திருக்க வேண்டியவன் நான். வைக்கவில்லை. மாணவர் வெறுங்கையோடு திரும்பினார்.

நூற்பட்டியல் என்பது வெறும் பெயர்வரிசை அன்று. ஒன்றையொன்று தொடுத்துக் காட்டும் வேலை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இதை முதலில் வற்புறுத்தியவர்களுள் ஒருவர் பிரித்தானிய நூதனசாலை நூலகத்தைப் பொறுப்பேற்ற இத்தாலிய அகதி அந்தோனியோ பானிற்சி. ஒரே நூலின் பல பதிப்புகளும் ஒரே ஆசிரியரின் பல பெயர்களும் ஓரிடத்தில் சேரவேண்டும் என்பதற்காக 1841இல் 91 விதிகளை வெளியிட்டார். எதிர்ப்புக் கிளம்பியது. எளிய பட்டியல் போதாதா என்றார்கள். 1847இல் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. பேரறிஞர் தோமஸ் கார்லைலே பானிற்சிக்கு எதிராகச் சாட்சியம் சொன்னார். எனினும் ஆணைக்குழுவின் அறிக்கை பானிற்சியின் பக்கமே சாய்ந்தது.

அடுத்த பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவரும் வெளியாள்தான். 1965இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் சேர்ந்த ஹென்றியற் அவ்றாம் நூலகர் அல்லர்; கணினி நிரல் எழுதுபவர். பட்டியல் விதிகளைப் புதிதாகக் கற்று, அட்டையிலுள்ள விபரங்களைக் கணினி படிக்கும்படி கூறுகூறாகப் பிரித்து 'மார்க்' என்னும் வடிவத்தை உருவாக்கினார். 1966இல் 16 நூலகங்களில் பரீட்சார்த்தம் நடந்தது. 1969இல் பதிவுகள் காந்தநாடாவில் விநியோகமாயின. அப்படியிருந்தும் காங்கிரஸ் நூலகம் அச்சட்டை விற்பதை நிறுத்தியது 1997இல்தான். நூலக உலகம் பழையதை அவ்வளவு எளிதில் கைவிடுவதில்லை.

இப்போது வாசலில் நிற்பது இணைப்புத் தரவு. மார்க் பதிவிலே ஆசிரியர் என்பவர் எழுத்துகளின் வரிசை. ஒவ்வொரு பதிவிலும் அவர் பெயரை எழுதவேண்டும். இணைப்புத் தரவிலே அவருக்கு இணையத்தில் நிலையான ஒரு முகவரி உண்டு. உருத்திரமூர்த்தி, மஹாகவி, ஆங்கில எழுத்திலே வரும் பல வடிவங்கள் யாவும் அந்த ஒரு முகவரியிலே தொங்கும். பாரதியாருக்கு வேறு முகவரி. நான் எழுதாமல் விட்ட 'காண்க' அட்டையை உலகமெங்கும் ஒரே தடவையில் வைத்தது போலாகும்.

இதன் நெறிகளை ரிம் பேர்னர்ஸ் லீ 2006இல் வகுத்தார். 2008இல் சுவீடனின் 'லிப்ரிஸ்' கூட்டுப்பட்டியல் இவ்வழியில் வெளியானது. 2011இல் மார்க்குக்கு மாற்றுத் தேடப் புறப்பட்ட காங்கிரஸ் நூலகம், மறுவருடம் 'பிப்ஃபிரேம்' மாதிரியை முன்வைத்தது. 2018இல் சுவீடன் தன் பட்டியல் வேலையையே புதிய முறைக்கு மாற்றியது. ஆனால் இன்றும் பெரும்பாலான நூலகங்கள் மார்க்கிலேதான் இருக்கின்றன.

ஏன்? நூலகரைச் சோம்பேறி என்று பழிப்பது சுலபம். அவர் கேட்பவை நியாயமான கேள்விகள். இலட்சக்கணக்கான பழைய பதிவுகளை யார் மாற்றுவது? மென்பொருளை விற்கும் கம்பனி நூலகங்கள் கேட்கட்டும் என்று காத்திருக்கிறது. நூலகங்கள் கம்பனி தரட்டும் என்று காத்திருக்கின்றன. வாசகருக்கு என்ன இலாபம் என்று கண்ணால் காட்ட முடியுமா? முகவரி நாளை மறைந்தால் என்ன செய்வது? இந்தப் பயம் கற்பனையன்று. காங்கிரஸ் நூலகத்தின் பொருட்தலைப்புகளை அதன் ஊழியர் ஒருவர் 2008இல் பரீட்சார்த்தமாக இணையத்தில் வெளியிட்டார். அவ்வாண்டு முடியுமுன்பே அது நிறுத்தப்பட்டது. 2009இல் நூலகமே உத்தியோகபூர்வமாக வெளியிட்டது. இடையில் அதை நம்பி இணைப்புக் கொடுத்தவர்கள் அந்தரத்தில் நின்றார்கள்.

இத்தனையையும் ஒப்புக்கொண்டும் என் மனம் புதியதின் பக்கமே சாய்கிறது. சீர்காழியிலே பிறந்த ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைப் பற்றியது. நான் வீணாக்கியது அதைத்தான்.

தமிழ் எழுத்துக்கு இது மேலும் அவசரம். புனைபெயர்களும் தலையெழுத்துகளும் ஊர்ப்பெயர்களும் மலிந்த இலக்கியம் நம்முடையது. இரு பெயர் ஒருவரா, ஒரு பெயர் இருவரா என்று தீர்மானிக்க இலக்கியம் அறிந்தவர் வேண்டும். நாம் செய்யாவிட்டால், எங்கோ இருந்து ஒருவர் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஊகித்துச் செய்வார். அவர் பிழை விட்டால், அந்தப் பிழையும் உலகமெங்கும் இணைந்துவிடும்.

அந்தக் 'காண்க' அட்டையை மறுநாளே எழுதி லாச்சியில் செருகினேன். அந்த மாணவர் பிறகு வரவில்லை.