சாய்ந்த சுவரும் முஹ்தஸிபும்

தெருப்பக்கம் சாய்ந்து நிற்கும் சுவரைக் கண்டால் அதைப் பற்றிக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? நகராட்சி என்னும் அமைப்பு தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பக்தாதிலும் திமிஷ்கிலும் காஹிராவிலும் எழுந்த கேள்வி இது.

அந்நகரங்களில் முஹ்தஸிப் என்னும் அதிகாரி இருந்தார். ஹிஜ்ரி 450 (கி.பி. 1058) இல் பக்தாதில் காலமான இமாம் மாவர்தி, 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் அவருடைய கடமைகளை விரித்துரைக்கிறார். காழீ, வழக்காளி வரும்வரை காத்திருப்பவர். முஹ்தஸிபோ எவரும் முறையிடாத போதும் தாமே சென்று பார்க்கலாம். ஊர் மதில் இடிந்தாலோ, குடிநீர் வழி கெட்டாலோ பைத்துல்மாலிலிருந்து செப்பனிட வேண்டும். அதில் பொருள் இல்லையேல் ஊரில் வசதியுள்ளோர் அப்பொறுப்பை ஏற்க வேண்டும்.

ஷாம் நாட்டில் ஸலாஹுத்தீன் காலத்தில் வாழ்ந்த ஷைஸரீ இன்னும் நுணுக்கமாக எழுதினார். கடைத் திண்ணையைத் தூண் வரிசைக்கு வெளியே நீட்டுவது வழிப்போக்கருக்குச் செய்யும் அத்துமீறல். அதை அகற்றுவது முஹ்தஸிபின் வேலை. ரொட்டி சுடுவோர் கூரையை உயர்த்திப் பெரிய புகைபோக்கி வைக்க வேண்டும். அடுப்பும் உலையும் உள்ள தொழில்கள் ஜவுளிக் கடைகளுக்கும் அத்தர்க் கடைகளுக்கும் அருகே கூடா. வீதியில் நீர் கொட்டும் பீலிகளை நீக்கி, சுவருக்குள்ளேயே சுண்ணாம்பு பூசிய கால்வாய் அமைக்க வேண்டும். கோடையில் கழிவுநீரைத் தெருவில் விடுவோர் வீட்டினுள்ளேயே குழி தோண்டிக் கொள்ள வேண்டும்.

இப்பதவியை அற்பமென்று எண்ண வேண்டாம். வரலாற்றாசிரியர் மக்ரீஸீ 1399 இல் காஹிராவின் முஹ்தஸிபானார். சில மாதங்களில் அப்பதவி மற்றொரு பேரறிஞரான ஐனீயிடம் போயிற்று!

ஆயினும் அவருடைய கைக்கும் எல்லை உண்டு. கதவுக்குப் பின்னால் உள்ளதைத் துருவித் தேட அவருக்கு உரிமையில்லை. இதற்கு மாவர்தி எடுத்துக்காட்டுவது உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியையே. மது அருந்தியிருந்தவர்களின் குடிசையில் கலீஃபா நுழைந்தபோது, "துருவி ஆராய்வதை அல்லாஹ் தடுத்திருக்கிறான், நீங்கள் ஆராய்ந்தீர்கள்; அனுமதியின்றி நுழைவதைத் தடுத்திருக்கிறான், நீங்கள் நுழைந்தீர்கள்" என்ற கருத்தில் அவர்கள் கூறவே, அவர் திரும்பிச் சென்றுவிட்டார்.

இனிச் சுவருக்கு வருவோம். நம் மதரஸாக்களில் ஓதப்படும் 'ஹிதாயா'வில் மர்கீனானீ (மறைவு கி.பி. 1197) இதற்கெனத் தனிப் பகுதியே வைத்திருக்கிறார். கட்டும்போதே கோணலாகக் கட்டிய சுவர் விழுந்தால், எச்சரிக்கை ஏதுமின்றியே உரிமையாளர் ஈடு செலுத்த வேண்டும். நேராகக் கட்டிப் பின்னர் சாய்ந்ததாயின், "இடித்துவிடும்" என்று அவரிடம் கோர வேண்டும். பிற்பாடு மறுக்க இயலாதபடி சாட்சிகளும் இருப்பது நல்லது. இடிக்கப் போதிய அவகாசம் கழிந்தும் அவர் வாளாவிருந்து, சுவர் விழுந்தால் உயிருக்கும் பொருளுக்கும் அவரே பொறுப்பு.

பொது வழியானால் இக்கோரிக்கையை யாரும் விடுக்கலாம்: முஸ்லிமும் திம்மியும், ஆணும் பெண்ணும். அவ்வழியே நடக்கும் உரிமையில் அனைவரும் பங்காளிகள் என்பதே காரணம். குடக்கூலிக்கு இருப்பவரிடம் கோருவது செல்லாது. இடிக்கும் அதிகாரம் அவருக்கில்லை. சுவர் அண்டை வீட்டின் பக்கம் சாய்ந்திருந்தால் அவ்வீட்டார் தவணை கொடுக்கலாம். வீதிப் பக்கம் சாய்ந்திருந்தாலோ, கோரியவரும் தவணை தர முடியாது, காழீயும் தர முடியாது! மக்கள் அனைவரின் உரிமையை விட்டுக்கொடுக்க அவர்கள் யார்?

ஒரிடம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. எச்சரிக்கப்பட்டவர் வீட்டை விற்று, வாங்கியவர் கைப்பற்றிவிட்டால் விற்றவரின் பொறுப்பு நீங்கிவிடுகிறது. வாங்கியவரையும் புதிதாக எச்சரிக்கும்வரை சட்டம் பிடிப்பதில்லை. இடிக்கும் ஆற்றல் போனபின் குற்றமில்லை என்னும் தர்க்கம் சரிதான். இடைப்பட்ட நாளில் அவ்வழியே போகிறவன் நிலை என்ன?

உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' சட்டநூலின் 928 ஆம் விதி, முன்னெச்சரிக்கையையும் அவகாசத்தையும் பற்றிய இந்த ஹனஃபீ முடிவையே ஏற்றுக்கொண்டது.