எரிந்த ரயிலும் நின்ற ரயிலும்

1956 ஆகஸ்ட் 2, ராத்திரி. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் யேகர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு டிரைவ்-இன் தியேட்டர். ஈசிஆர் பிரார்த்தனாவுக்குப் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காரை வரிசையில் நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்தபடியே படம் பார்க்கலாம். மேல்கூரை இல்லாத கார் ஒன்றில் ஒரு ஜோடி நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறது. எதிரே திரையில் ஒரு போர் விமானம். திரையைத் தாண்டி, வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஒரு நீராவி இஞ்சின் கூட்ஸ் வண்டியை இழுத்துக்கொண்டு போகிறது. அந்த ஜோடி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஓ. வின்ஸ்டன் லிங்க் எடுத்த இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நீங்களும் இணையத்தில் எங்காவது கடந்து வந்திருக்கலாம். ‘ஹாட்ஷாட் ஈஸ்ட்பவுண்ட்’ என்று பெயர். முதல் தடவை பார்த்தபோது, “என்ன அதிர்ஷ்டம்யா இந்த ஆளுக்கு” என்றுதான் நினைத்தேன். விமானமும் ரயிலும் காதலர்களும் ஒரே நொடியில் மாட்டியிருக்கிறார்களே!

அதிர்ஷ்டமெல்லாம் ஒன்றும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கார் லிங்க்குடையது. ஜோடியை உள்ளே உட்காரவைத்ததும் அவர்தான். அந்த இருட்டை வெளிச்சமாக்க நாற்பதுக்கும் மேற்பட்ட ஃபிளாஷ் பல்புகளைச் சுற்றிலும் மாட்டியிருந்தார். அத்தனை பல்பும் ஒன்றாக எரிந்ததில் சினிமாத் திரை வெளுத்துப்போய்விட்டது. விமானக் காட்சியைத் தனியாக எடுத்து, டார்க்ரூமில் பிரிண்ட் போடும்போது ஒட்டவைத்தார்.

தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அப்படியானால் இது பொய்ப்படமா? இந்தக் கேள்வியோடு சுற்றிக்கொண்டிருந்தபோது இன்னொரு மனிதரைப் பற்றிப் படித்தேன். அவர் கலிஃபோர்னியாவில், தன் வீட்டின் கீழ்த்தளத்தில், இல்லாத ஒரு ரயில்வேயைக் கட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு பேரையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கேள்விக்கு ஏதோ பதில் கிடைக்கிறது.

*

முதலில் லிங்க். 1914-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். 1937-ல் சிவில் இஞ்சினியரிங் பட்டம் வாங்கிவிட்டு விளம்பரப் புகைப்படக்காரர் ஆனார். தொழிற்சாலை, இயந்திரம், கம்பெனிப் பொருட்கள் என்று படம் எடுப்பது பிழைப்பு. 1955 ஜனவரியில் ஏர்கண்டிஷனர் விளம்பர வேலையாக வர்ஜீனியாவின் ஸ்டாண்டன் நகரத்துக்குப் போனார். பக்கத்தில் வேய்ன்ஸ்பரோ வழியாக நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் போகும் என்று தெரியும். சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அமெரிக்காவின் மற்ற பெரிய கம்பெனிகள் எல்லாம் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் மட்டும் நீராவியை விடவில்லை. காரணம் ரொம்ப எளிது. அவர்கள் வண்டியில் ஏற்றுவதே நிலக்கரிதான். ரோனோக் நகரத்தில் இருந்த சொந்தப் பணிமனையில் இஞ்சின்களை அவர்களே கட்டினார்கள். ஆனால் 1955 மே மாதம் அவர்களும் டீசல் வாங்கப்போவதாக அறிவித்தார்கள். 1960-ல் நீராவி முடிந்தது. இடைப்பட்ட அந்த ஐந்து வருஷத்தில் லிங்க் ஏறத்தாழ இருபது முறை நியூயார்க்கிலிருந்து போய்வந்தார். கம்பெனி அனுமதியும் ஒத்துழைப்பும் கொடுத்தது. காசு அவருடையது. சுமார் 2400 நெகட்டிவ்கள் மிஞ்சின.

அதற்கு முன்னால் ரயில் படம் என்றால் ஒரு வாய்ப்பாடு இருந்தது. நல்ல வெயில், முதுகுக்குப் பின்னால் சூரியன், முன்னால் முக்கால்வாட்டில் ஒரு இஞ்சின். லூசியஸ் பீப் என்பவர் 1930களின் இறுதியிலிருந்து வெளியிட்ட ஆல்பங்கள் இந்தப் பாணியை நிலைநிறுத்தின. அழகான படங்கள்தான். ஆனால் அதில் ரயிலைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

லிங்க் ராத்திரியைத் தேர்ந்தெடுத்தார். பகலில் சூரியன் எங்கே இருக்கவேண்டும் என்று நாம் சொல்லமுடியாது, ராத்திரியில் வெளிச்சம் முழுக்க நம் கையில். சொல்லத்தான் சுலபம். அன்றைய ஃபிளாஷ் பல்பு ஒரு தடவைதான் எரியும். மைல் கணக்கில் ஒயர் இழுக்கவேண்டும். உதவியாளரோடு ஒரு படத்துக்காக மணிக்கணக்கில் ஏற்பாடு செய்யவேண்டும். வண்டி வருவது ஒருமுறை, பொத்தானை அழுத்துவது ஒருமுறை. தப்பினால் அத்தனை பல்பும் குப்பை.

இவ்வளவும் செய்துவிட்டு அவர் சட்டகத்துக்குள் வைத்தது என்ன? வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பம், ஜன்னலுக்கு வெளியே ரயில். ஓடையில் குளிக்கும் பிள்ளைகள், தலைக்கு மேலே பாலத்தில் ரயில். பெட்ரோல் பங்க், மளிகைக் கடை, ஸ்டேஷன் மாஸ்டர். ரயில் தினமும் போகிற ஊரில் யாரும் ரயிலை வாயைப் பிளந்து பார்க்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆக, அந்த டிரைவ்-இன் ஜோடி திரும்பிப் பார்க்காமல் இருப்பது ஜோடனை என்றாலும் உண்மைதான்.

*

இப்போது இன்னொருவர். ஜான் ஆலன், லிங்க்கைவிட ஒரு வயது மூத்தவர். மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளினில் 1913-ல் பிறந்தார். அவருக்கும் தொழில் புகைப்படம்தான். கலிஃபோர்னியாவின் மான்டரேயில் குடியேறி, மாடல் ரயில் கட்ட ஆரம்பித்தார்.

மாடல் ரயில் என்றால் நம் ஊரில் சாவி கொடுத்த பொம்மை வட்டமாகச் சுற்றுவதுதான் நினைவுக்கு வரும். இவர்கள் ஆடுவது வேறு ஆட்டம். ஆலன் வேலை செய்தது ஹெச்ஓ என்ற அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பதினாறரை மில்லிமீட்டர். ஆறடி ஆள் இந்த உலகத்தில் இரண்டு சென்டிமீட்டர் உயரம்தான் இருப்பார்.

இந்தப் பொழுதுபோக்கில் பகிர்தல் என்பது ஸ்க்ரூவும் சக்கரமுமாகத்தான் தொடங்கியது. ஆரம்பத்தில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அளவில் செய்தது. உன் பெட்டி என் தண்டவாளத்தில் ஓடாது, என் கொக்கி உன் கொக்கியில் மாட்டாது. 1934-ல் மில்வாக்கியில் ‘மாடல் ரெயில்ரோடர்’ பத்திரிகை தொடங்கியது. அடுத்த வருஷம் அதே ஊரில் ஆர்வலர்கள் கூடி ஒரு தேசியச் சங்கம் அமைத்தார்கள். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் பொது அளவுகளை வகுத்ததுதான் அதன் முக்கியமான வேலை. நண்பர் வீட்டுக்கு இஞ்சினைப் பையில் போட்டுக்கொண்டு போய் ஓட்டலாம் என்பது அப்படித்தான் சாத்தியமாயிற்று.

நாற்பதுகளில் ஃப்ராங்க் எலிசன் என்பவர் இன்னொரு விஷயத்தை எழுதினார். மாடல் ரயில் ஒரு நாடகம், மலையும் ஊரும் மேடை, ரயில்கள்தான் நடிகர்கள், கால அட்டவணைதான் கதை என்கிற பார்வை அவருடையது. சும்மா சுற்றவிடாதே, எதையாவது எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்க்கவிடு.

ஆலன் இதை ஒரு உச்சத்துக்குக் கொண்டுபோனார். தன் ரயில்வேக்கு ‘கோர் அண்ட் டாஃபெடிட்’ என்று எழுத்தில் பெயர் வைத்தார். வாய்விட்டுப் படித்தால் ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’, ரத்தக்களறியாகித் தோற்றது என்று அர்த்தம் வரும். ஆளின் குசும்பு அப்படி. முதலில் ஒரு கட்டில் அளவுகூட இல்லாத சின்ன அமைப்பு. 1953-ல் வாங்கிய வீட்டின் கீழ்த்தளத்தில் மூன்றாவதும் கடைசியுமான அமைப்பைக் கட்டத் தொடங்கினார். முதலில் செய்த அந்தச் சின்ன அமைப்பையும் அதற்குள்ளேயே ஒரு பகுதியாகப் பொருத்திக்கொண்டார். தரையிலிருந்து கூரைவரை மலை, பள்ளத்தாக்கு, பாலம். இடம் போதாத இடத்தில் கண்ணாடி வைத்துத் தெருவை நீட்டினார்.

இன்னொன்றையும் செய்தார்: அழுக்கு. கடையில் வாங்கிய பெட்டி பளபளவென்று இருக்கும், நிஜ ரயில் அப்படியா இருக்கிறது? துரு, புகைக்கரி, வெளுத்த பலகை, சரிந்த கொட்டகை. பொய்யான ஊருக்கு வயதைக் கொடுத்தார். இந்தப் பழசாக்கும் கலையை மாடல் உலகில் பரவலாக்கியவர்களில் அவர் முதல் வரிசை. அதே கையோடு, பெட்டிகளை இழுத்து ஷண்டிங் செய்ய ஒரு ஸ்டெகோசாரஸ் டைனோசரை வேலைக்கு வைத்தார். பெயர் எம்மா, நம்பர் 13. சீரியஸாக எடுத்துக்கொள்கிறவர்களைச் சீண்டுவதற்கென்றே வைத்ததுபோல இருக்கும்.

நண்பர்கள் முறையாகக் கூடி அந்த ரயில்வேயை ஓட்டினார்கள். ஒருவர் கையில் ஒரு வண்டி, ஒருவர் கையில் ஒரு யார்டு. கூட்டம் இல்லாமல் ஓட்டவே முடியாத அளவுக்கு அது பெரிதாகிவிட்டது. நான்கைந்து பெட்டிகளைக் குறுகிய இடத்தில் இடம் மாற்றும் ‘டைம்சேவர்’ என்ற புதிரையும் அவர்தான் கண்டுபிடித்தார், 1972-ல் பத்திரிகையில் வெளியானது. இன்றைக்கும் ஆடுகிறார்கள்.

மான்டரேக்கு எத்தனை பேரால் போகமுடியும்? மற்றவர்களுக்கு அந்த உலகம் புகைப்படமாகத்தான் போய்ச் சேர்ந்தது. மாடலைப் படமெடுப்பதில் பெரிய சிக்கல் ஃபோகஸ். கேமரா பக்கத்தில் போகப்போக, முன்னால் இருப்பது மட்டும் தெளிவாகி பின்னால் எல்லாம் மங்கிவிடும். மங்கினால் பொம்மை என்று கண் கண்டுபிடித்துவிடும். லென்ஸின் துவாரத்தை ஊசிமுனை மாதிரி சுருக்கி, நீண்ட நேரம் திறந்து வைக்கவேண்டும். ஆலன் தொழில்காரர், வித்தை தெரிந்தவர். வார்னி என்ற மாடல் கம்பெனியின் விளம்பரங்களில் அவர் படங்கள் வந்தன. அதைப் பார்த்து வளர்ந்த பையன்கள் அந்த இல்லாத ஊர்களின் பெயரைச் சொந்த ஊர் மாதிரி சொல்வார்கள்.

1973 ஜனவரி 6 அன்று மாரடைப்பில் ஆலன் இறந்தார். பத்து நாள் கழித்து அந்த வீட்டில் தீப்பிடித்தது. இருபது வருஷ மலையும் பாலமும் போயின. சில பொருட்கள்தான் மிஞ்சின.

மாடல் ரெயில்ரோடர் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட், ஆலனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது 1981-ல் வெளிவந்தபோது வெஸ்ட்காட்டும் உயிரோடு இல்லை. ஆலனின் ரயில்வேயை இன்றைக்கு நாம் பார்க்கமுடிகிறது என்றால் அது புத்தகத்தாலும் புகைப்படங்களாலும்தான்.

*

யோசித்துப் பாருங்கள். லிங்க் நிஜ ரயிலை ஒரு மாடல்காரரைப் போலக் கையாண்டார். இந்த வீட்டை இங்கே, இந்த ஆளை அங்கே, வெளிச்சத்தை இப்படி. ஆலன் மாடலை ஒரு செய்திப் புகைப்படக்காரரைப் போலக் கையாண்டார், அழுக்கு முதற்கொண்டு. ஒருவர் நிஜத்தை ஜோடித்தார், இன்னொருவர் ஜோடனையை நிஜமாக்கினார். இரண்டு ரயிலும் இப்போது இல்லை. ஒன்றை டீசல் நிறுத்தியது, ஒன்றைத் தீ எரித்தது. மிஞ்சியிருப்பது இரண்டு பேரும் மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக எடுத்த படங்கள்.

இதைத் தனிமை விரும்பிகளின் பொழுதுபோக்கு என்று கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கும் கிடைத்திருக்கிறது. “கல்யாணம் பண்ணிக்கிற வயசுல கேட்டுல நின்னு இஞ்சின் நம்பர் எழுதிட்டு இருக்கான்” என்று சித்தி சொல்வார். ஆனால் எங்கள் ஊர் வழியாக ஓடிய மீட்டர் கேஜ் வண்டியை நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை. தினமும் போகிற வண்டிதானே, எங்கே போய்விடப்போகிறது? ஒருநாள் அகலப்பாதை வேலைக்காக நிறுத்தினார்கள். அகலப்பாதையும் வந்தது, அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அந்த டீசல் இஞ்சினின் தடதடப்பை, மரப்பெஞ்சை, ஜன்னல் கம்பியின் துருவாசனையை என் அக்கா பையனிடம் சொல்லும்போது கை வெறுமையாக இருக்கிறது. “படம் இருக்கா மாமா?” என்கிறான். இல்லை.

லிங்க் டேப் ரெக்கார்டரும் எடுத்துப் போயிருந்தார். இஞ்சின் ஏற்றம் ஏறும் சத்தத்தைப் பதிந்து இசைத்தட்டாகவே போட்டார். பல வருஷம் அவர் படங்களை ரயில் பைத்தியங்கள் தவிர யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எண்பதுகளில்தான் கலையுலகம் திரும்பிப் பார்த்தது. 2001-ல் இறந்தார். 2004-ல் ரோனோக்கின் பழைய ரயில் நிலையத்திலேயே அவர் பெயரில் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

அந்த டிரைவ்-இன் படத்தை இப்போது பார்க்கும்போது விமானம் ஒட்டியதா என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அந்த ராத்திரி அந்த வண்டி போனது. திரும்பிப் பார்க்காதவர்களுக்கும் சேர்த்து ஒரு ஆள் பார்த்துவைத்திருக்கிறார். போன வாரம் என் அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு லெவல் கிராஸிங்குக்குப் போனேன். பாதுகாப்பாகக் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டோம். சாதாரண பாசஞ்சர் வண்டிதான் வந்தது. போனைக் கையில் கொடுத்து, “எடுடா” என்றேன். ரயில் கொஞ்சம் கலங்கித்தான் விழுந்திருக்கிறது. ஆனால் கேட்டில் காத்திருந்த பால்காரரும், அவர் வண்டியின் கேனும், தலையைச் சொறிகிற ஒரு பள்ளிக்கூடப் பையனும் தெளிவாக இருக்கிறார்கள். யாரும் ரயிலைப் பார்க்கவில்லை.