பேனை மூடிக்கு உரிய இடம்

எழுதும்போது ஊற்றுப்பேனையின் மூடியைப் பின்முனையிற் செருகுதல் வேண்டுமா? இவ்வினாவுக்கு வரலாறு ஒரே விடையைத் தருவதில்லை.

1884ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் லூயிஸ் எட்சன் வோட்டர்மன் தமது ஊற்றுப்பேனைக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலப் பேனைகள் பெரும்பாலும் வன்மையாக்கப்பட்ட இறப்பரால் ஆனவை, பாரம் குறைந்தவை. மூடியைச் செருகினாலும் கை சோராது, மூடி தொலைந்துபோவதுமில்லை. எனினும், பலகாற் செருகுதலால் தண்டிலே வளையத் தழும்பு விழும். சட்டைப்பைக்கெனச் செய்த குறும்பேனைகளோ மூடியைச் செருகினாலன்றிக் கைக்கு நீளம் போதாதவை.

பின்னர் உலோக மூடிகள் பெருகின. 1941இல் விற்பனைக்கு வந்த பாக்கர் 51 அவ்வகையிற் புகழ்பெற்றது. மூடி கனமானதாயின், அதைச் செருகியதும் பேனையின் பாரம் பின்னே சாயும். 1963இல் யப்பானியப் பைலற் நிறுவனம் மூடியே இல்லாத பேனையை வெளியிட்டது; திருகினால் முள் வெளிவரும்.

ஆகவே, வகுப்பிலுள்ள பிள்ளைகள் யாவர்க்கும் ஒரே விதியை விதித்துக் கண்டித்தல் முறையன்று. பேனையின் நீளத்தையும் மூடியின் பாரத்தையும் பிள்ளையின் கையையும் நோக்கியே ஆசிரியர் விடை கூறல் வேண்டும். எழுத்துக் கோணுவதற்குக் காரணம் சிலவேளை சோம்பலன்று. பின்னே சாயும் அந்தச் சிறு பாரமே.